தோற்றுப்போன குளோராம்பெனிகால் மீண்டும் பலிக்கிறது, சிப்ரோ ஏன் பலிப்பதில்லை? டைபாய்டுக் கிருமியின் மருந்து எதிர்ப்பு

ஆம்பூர் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்ததால் ரத்தக் கல்ச்சர் எடுத்தார்கள். டைபாய்டுக் கிருமியான சால்மோனெல்லா டைஃபி என்று வந்தது. ஊசி மருந்தில் காய்ச்சல் இறங்கி வருகிறது, ஆகையால் சிகிச்சையைப் பற்றிக் கேட்க நான் வரவில்லை. ரிப்போர்ட்டின் கீழே உள்ள மருந்துப் பட்டியல்தான் எனக்கு விளங்கவில்லை. ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல், குளோராம்பெனிகால் மூன்றுக்கும் நேரே ‘எஸ்’ (பலிக்கும்) என்றும், சிப்ரோஃப்ளாக்சசினுக்கு நேரே ‘ஆர்’ (பலிக்காது) என்றும் போட்டிருக்கிறது. செஃப்ட்ரியாக்சோனும் அசித்ரோமைசினும் ‘எஸ்’.

என் தாயார் காலத்தில் டைபாய்டு என்றாலே குளோராம்பெனிகால்தான் கொடுப்பார்கள் என்றும், அது பலிக்காமல் போன பிறகுதான் சிப்ரோ வந்தது என்றும் வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படியிருக்க, தோற்றுப்போன மருந்து மறுபடி எப்படி வேலை செய்யும்? அதற்குப் பதிலாக வந்த மருந்து மட்டும் ஏன் மீளவில்லை? கிருமி ஒருமுறை கற்றுக்கொண்டதை மறந்துவிடுமா?

ஆய்வகத்தார்:

அம்மா, குழந்தை தேறி வருவது மகிழ்ச்சி. உங்களிடம் இருப்பது இன்று நம் பகுதியில் வரும் டைபாய்டு ரிப்போர்ட்டுகளின் வழக்கமான முகம்தான். நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்த எழுத்துகள் எங்கிருந்து வருகின்றன என்று சொல்லிவிடுகிறேன். ரத்தப் புட்டியில் வளர்ந்த கிருமியைத் தட்டில் உள்ள வெளிர்மஞ்சள் அகார் என்ற வளர்ப்புக் கூழின் மேல் பஞ்சுக் குச்சியால் ஒரே சீராகப் பூசி, மருந்து ஊறிய சிறு காகித வில்லைகளை இடைவெளி விட்டு அதன்மேல் பதித்து, 35 டிகிரி சூட்டில் ஓர் இரவு வைத்திருப்போம். காலையில் திறந்து பார்த்தால் தட்டு முழுவதும் கிருமி மெல்லிய படலமாகப் படர்ந்திருக்கும். மருந்து பலிக்கும் வில்லையைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம் தெரியும். அதன் குறுக்களவை ஸ்கேல் வைத்து அளக்கிறோம். குளோராம்பெனிகாலுக்கு 18 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் ‘எஸ்’. சிப்ரோ வகையைச் சோதிக்கப் பெரும்பாலும் பெஃப்லாக்சசின் வில்லையைப் பயன்படுத்துகிறோம். அதில் வட்டம் 24 மி.மீ.யை எட்டாவிட்டால் ‘ஆர்’. இப்போது வரும் கிருமிகள் பலவற்றில் பெஃப்லாக்சசின் வில்லையின் விளிம்பு வரை கிருமி வளர்ந்து நிற்கும்; அதே தட்டில் குளோராம்பெனிகாலைச் சுற்றித் துடைத்துவிட்டாற்போல் அகன்ற வட்டம் இருக்கும்.

இரண்டு மருந்துகளையும் கிருமி எதிர்த்த வழிகள் வேறு வேறு. உங்கள் கேள்விக்கான விடை அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

குளோராம்பெனிகால் டைபாய்டைக் குணப்படுத்தும் என்பது 1948-இல் மலாயாவில் தெரியவந்தது. ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கு அதைச் சோதிக்கக் கோலாலம்பூருக்கு வந்திருந்த அமெரிக்க மருத்துவக் குழு, டைபாய்டு நோயாளிகளும் அதனால் குணமாவதைக் கண்டது. அதன்பின் கால் நூற்றாண்டுக்கு அந்த மருந்தை அசைக்க ஆளில்லை. 1972-இல் மெக்சிகோவிலும், நமக்குப் பக்கத்திலேயே கோழிக்கோட்டிலும் அதற்கு அடங்காத டைபாய்டு பரவியது. அந்த எதிர்ப்பு ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குக் கைமாறக் கூடியது என்பதையும் கோழிக்கோட்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டில் எழுதிவிட்டார்கள். அதைச் சுமந்து சென்றது பிளாஸ்மிட் எனப்படும் வளைய வடிவ டி.என்.ஏ. அது கிருமியின் முதன்மை டி.என்.ஏ.வான குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருந்து, தனியாகப் படியெடுத்துக்கொள்வது.

எண்பதுகளின் இறுதியில் நம் நாட்டில் பரவிய டைபாய்டு ஒரே பிளாஸ்மிட்டில் பல மரபணுக்களைச் சேர்த்து வைத்திருந்தது. குளோராம்பெனிகால் கிருமியின் ரைபோசோமில் ஒட்டிப் புரத உற்பத்தியை நிறுத்தும் மருந்து. அதன்மேல் ஓர் அசிட்டைல் தொகுதியைப் பொருத்தி ஒட்டவிடாமல் செய்யும் நொதிக்கான மரபணு அதில் இருந்தது. ஆம்பிசிலினை உடைக்கும் நொதிக்கும், கோட்ரைமாக்சசோலின் இரண்டு பாகங்களையும் வீணாக்கும் மாற்று நொதிகளுக்கும் உரிய மரபணுக்களும் அதே வளையத்தில் இருந்தன. ஆகவே மூன்று மருந்துகளும் ஒன்றாகக் கைவிட்டன. எந்த மருந்தைக் கொடுத்தாலும் அது மற்ற இரண்டுக்கான எதிர்ப்பையும் சேர்த்தே காப்பாற்றி வளர்த்தது.

ஆனால் அந்த வளையம் சிறியதன்று. வியட்நாமில் எடுக்கப்பட்டு 2001-இல் முழு மரபணு வரிசை வெளியிடப்பட்ட டைபாய்டுக் கிருமியின் குரோமோசோம் சுமார் 48 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் கொண்டது; அதன் எதிர்ப்புப் பிளாஸ்மிட் மட்டும் சுமார் 2.18 லட்சம் எழுத்துகள். ஒவ்வொரு முறை பிரியும்போதும் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு கூடுதலாகப் படியெடுக்க வேண்டும், அதிலுள்ள மரபணுக்களுக்குப் புரதமும் செய்ய வேண்டும். தொண்ணூறுகளில் மருத்துவர்கள் சிப்ரோவுக்கு மாறிய பிறகு இந்தச் சுமையால் கிருமிக்குக் கிடைத்த ஆதாயம் குறைந்துவிட்டது. பிளாஸ்மிட் இல்லாத கிருமிகள் மெல்ல மெல்லப் பெருகி இடத்தைப் பிடித்துக்கொண்டன. அம்மா கேட்டதற்கு இதுதான் பதில்: எந்தக் கிருமியும் எதையும் மறக்கவில்லை, அந்தச் சுமையில்லாத கிளைகள் முன்னுக்கு வந்தன.

சிப்ரோவின் கதை வேறு. அது தாக்குவது டி.என்.ஏ.வின் முறுக்கைச் சரிசெய்யும் ஜைரேஸ் என்ற நொதியை. அந்த நொதியின் 83-ஆம் இடத்தில் செரீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஃபினைலாலனின் என்ற வேறொன்று வந்து அமர்ந்தால் மருந்து சரியாகப் பற்றாது. இதற்குக் கிருமியின் சொந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும். அதன்மேல் இன்னும் ஓரிரண்டு மாற்றங்கள் சேர்ந்தால் எதிர்ப்பு மிக உயர்ந்த நிலைக்குப் போய்விடும். இந்த மாற்றத்துக்குக் கிருமி கொடுக்கும் விலை என்ன என்பதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு டைபாய்டுக் கிருமியிலேயே சோதித்தது. மருந்தே இல்லாத சூழலிலும் இந்த மாற்றம் பெற்றவை பின்தங்கவில்லை. சில, மாறாத கிருமிகளை முந்தவும் செய்தன. ஆகவே சிப்ரோவை நாம் நிறுத்தினாலும் அந்த மாற்றம் விலகிப்போகக் காரணமே இல்லை.

மதுரை மாணவன்:

ஐயா, மிகத் தெளிவாக இருந்தது. ஒரு சந்தேகம். மருந்து உள்ளே வந்ததும் கிருமி அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறதா, அல்லது மாறிய கிருமி ஏற்கெனவே இருந்து மருந்தைத் தாண்டிப் பிழைக்கிறதா? எங்கள் வகுப்பில் முதலாவதைப் போலத்தான் சொன்னார்கள்.

ஆய்வகத்தார்:

இரண்டாவதுதான், தம்பி. 1943-இல் லூரியா, டெல்ப்ரூக் என்ற ஆய்வாளர்கள் கிருமியைத் தாக்கும் வைரஸைக் கொண்டு கணக்குப் போட்டு இதைக் காட்டினார்கள். 1952-இல் ஜோஷுவா லெடர்பெர்க்கும் எஸ்தர் லெடர்பெர்க்கும் கண்ணால் காணும்படி செய்து காட்டினார்கள். தட்டில் வளர்ந்த கிருமிக் கூட்டங்களின் மேல் வெல்வெட் துணியை ஒற்றி, அதே துணியை மருந்து கலந்த புதிய தட்டுகளில் வரிசையாக ஒற்றினார்கள். எல்லாத் தட்டுகளிலும் ஒரே இடத்தில்தான் எதிர்ப்புள்ள கூட்டங்கள் முளைத்தன. முதல் தட்டில் அதே இடத்தில் இருந்த, மருந்தையே காணாத கூட்டத்தைத் தொடர்ந்து பிரித்து வளர்த்தபோது அதில் எதிர்ப்புள்ளவை ஏற்கெனவே இருந்தன. மருந்து புதிதாக எதையும் கற்றுத் தரவில்லை, இருந்ததைப் பொறுக்கி எடுத்தது.

மருந்தைவிட எதிர்ப்பு மூத்தது என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. பெனிசிலினை உடைக்கும் நொதியை ஆப்ரகாமும் செயினும் 1940-இல், அந்த மருந்து பொதுப் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன்பே, கிருமியில் கண்டு எழுதிவிட்டார்கள். மண்ணில் வாழும் பூஞ்சைகளும் கிருமிகளும் ஒன்றையொன்று தடுக்க இப்பொருள்களைச் சுரந்து வந்திருக்கின்றன. அவற்றைத் தாங்கும் மரபணுக்களும் கூடவே இருந்து வந்திருக்கின்றன.

தென்காசி முத்தையா:

எல்லாம் சரி, ஐயா. ஆனால் இவ்வளவு அறிவியலுக்குப் பிறகும் அடிப்படைத் தவறு நோயாளியிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதும் மாத்திரை அட்டையைத் தூக்கி அலமாரியில் வைத்துவிடுகிறோம். குறைந்த அளவு மருந்தால் எதிர்ப்பு வளரும் என்று 1945-இல் நோபல் உரையிலேயே பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் எச்சரித்தார். மக்கள் கோர்ஸை முடித்தால் இந்தப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடாதா?

ஆய்வகத்தார்:

முத்தையா ஐயா, இதில் நான் உங்களோடு முழுமையாக உடன்படவில்லை. காசநோயில் நீங்கள் சொல்வது அப்படியே உண்மை. அங்கே ஒரே நோயாளியின் நுரையீரல் குழிக்குள் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றன, ஆகவே மாறியது ஒன்றாவது அவற்றில் இருக்கும். ஒற்றை மருந்தோ அரைகுறை மருந்தோ அதைத் தேர்ந்தெடுத்துவிடும். 1948-இல் ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கொடுத்த பிரிட்டிஷ் சோதனையில் பல நோயாளிகளிடம் இதுதான் நடந்தது; கூட்டு மருந்து முறை பிறந்ததும் அதனால்தான்.

டைபாய்டில் கணக்கு வேறு. நோயாளியின் ஒரு மில்லி ரத்தத்தில் பல சமயம் ஒரே ஒரு கிருமிதான் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. (கல்ச்சருக்குப் பெரியவர்களிடம் எட்டு, பத்து மில்லி ரத்தம் கேட்பதற்குக் காரணம் இதுதான், தயவுசெய்து அதற்குத் தயங்காதீர்கள்.) எலும்பு மஜ்ஜையில் கூடுதலாக இருந்தாலும், ஒரு நோயாளிக்குள்ளேயே புதிய மாற்றம் தோன்றி வளர்வது அரிது. பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே எதிர்ப்புள்ள கிருமியைத்தான் தண்ணீரிலோ உணவிலோ விழுங்குகிறார்கள். உங்கள் ஊர்க் குழந்தை வாழ்நாளில் சிப்ரோவைத் தொட்டிராவிட்டாலும் அதன் ரிப்போர்ட்டில் ‘ஆர்’ வரும்.

டைபாய்டு மருந்தை மருத்துவர் சொன்ன நாள் வரை சாப்பிடத்தான் வேண்டும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும். எதிர்ப்புப் பெருகுவது பெரும்பாலும் வேறோர் இடத்தில். எந்த நோய்க்காக ஆன்டிபயாடிக் சாப்பிட்டாலும் அது குடலில் சும்மா இருக்கும் ஈ.கோலை முதலிய கோடானுகோடி கிருமிகளையும் தாக்குகிறது. சளிக்காய்ச்சலுக்குத் தேவையில்லாமல் செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர் கோர்ஸை ஒழுங்காக முடித்தாலும், குடலில் எதிர்ப்புள்ளவற்றை வளர்த்துவிட்டுத்தான் முடிக்கிறார். தேவையற்ற மருந்தை முழுதாகச் சாப்பிடுவதில் எந்தப் புண்ணியமும் இல்லை. பழியை நோயாளியின் தலையில் மட்டும் போடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அவருக்கு அந்த மருந்தை எழுதியவரும் விற்றவரும் அந்தத் தண்ணீரைக் கொடுத்தவரும் அப்போது பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறார்கள்.

திருச்சி மருந்தாளுநர்:

விற்பவர்கள் பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன். எங்கள் கடைக்கு வருபவர்களில் கல்ச்சர் ரிப்போர்ட்டோடு வருபவர் மிகக் குறைவு. பெரும்பாலோர் கையில் விடால் டெஸ்ட் சீட்டுதான் இருக்கும். ‘1:80’ என்று எழுதியிருப்பதைக் காட்டி, “டைபாய்டு வந்திருக்கிறது, போன முறை கொடுத்த மாத்திரையையே கொடுங்கள்” என்பார்கள். விடால் 1896-இல் வந்த சோதனை. அது கிருமியைப் பார்ப்பதில்லை, கிருமிக்கு எதிராக உடல் செய்த எதிர்ப்பொருளை அளக்கிறது. டைபாய்டு நிலையாக உள்ள ஊரில் பழைய தொற்று, வேறு காய்ச்சல் ஆகியவற்றாலும் அந்த எண் ஏறியிருக்கும். ஒரே ஒரு முறை எடுத்த விடாலை நம்பி மருந்து தொடங்கும்போது, டெங்குவுக்கும் சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் செஃபிக்ஸிம் போகிறது.

செஃபிக்ஸிமும் ஓஃப்ளாக்சசினும் சேர்ந்த மாத்திரை இன்னும் டைபாய்டுக்கென்று எழுதப்படுகிறது. சிப்ரோவுக்கு அடங்காத கிருமியிடம் அதன் உறவான ஓஃப்ளாக்சசின் என்ன செய்யும்? குடலில் உள்ள மற்ற கிருமிகளிடம் மட்டும் அது நன்றாகவே வேலை செய்து, எதிர்ப்புள்ளவற்றைத் தேர்ந்தெடுக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள ஹெச்1 அட்டவணையில் செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்சோன் இரண்டும் இருக்கின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. நோயாளி, மருத்துவர் பெயர்களோடு தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். எங்கள் கடையில் இதைச் செய்கிறோம். சீட்டில்லாமல் வருபவரைத் திருப்பி அனுப்பினால் அவர் அடுத்த தெருவில் வாங்கிக்கொள்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் ஒரு கடை மட்டும் ஒழுங்காக இருந்து பயனில்லை. எல்லாக் கடைகளிலும் ஆய்வாளர்கள் அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

நாமக்கல் வாசகர்:

கோழிப் பண்ணைகளில் ஆன்டிபயாடிக் கொடுப்பதால்தான் டைபாய்டு மருந்துகள் பலிக்காமல் போகின்றன என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. உண்மையா?

ஆய்வகத்தார்:

டைபாய்டுக் கிருமி மனிதரிடம் மட்டுமே வாழ்வது, கோழியிடமிருந்து வராது. கோழி, முட்டை வழியாக வரும் சால்மோனெல்லா வேறு வகை. ஆனால் பண்ணையை முழுமையாக விலக்கிவிடவும் முடியாது. கோலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட மருந்துக்கான எதிர்ப்பு பிளாஸ்மிட்டில் ஏறிக் கைமாறுவது 2015-இல் சீனாவில், பன்றிகளிடமிருந்து எடுத்த ஈ.கோலையில் முதலில் தெரியவந்தது. 2019-இல் இந்திய அரசும் உணவுக்கான கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. எந்தக் கிருமியில் சேர்ந்த மரபணுவும் அங்கேயே நின்றுவிடுவதில்லை என்பதால், பாகிஸ்தானில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

2016 நவம்பர் முதல் சிந்து மாகாணத்தின் ஹைதராபாத் நகரில் செஃப்ட்ரியாக்சோனுக்கும் அடங்காத டைபாய்டு பரவத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2018 டிசம்பர் 9 வரை அம்மாகாணத்தில் 5,274 பேருக்கு இவ்வகை டைபாய்டு வந்தது. கராச்சி ஆகா கான் பல்கலைக்கழகத்தினரும் இங்கிலாந்தின் சேங்கர் நிறுவனத்தினரும் மரபணு வரிசையைப் படித்துப் பார்த்தபோது, பழைய மூன்று மருந்துகளுக்கான எதிர்ப்பு குரோமோசோமிலேயே பதிந்திருந்தது. சிப்ரோவுக்கான ஜைரேஸ் மாற்றம் இருந்தது. செஃப்ட்ரியாக்சோனை உடைக்கும் மரபணு புதியதொரு பிளாஸ்மிட்டில் வந்திருந்தது. அந்தப் பிளாஸ்மிட் ஈ.கோலையில் காணப்படுவதோடு ஏறத்தாழ ஒத்திருந்தது. அதாவது யாருடைய குடலிலோ சாக்கடையிலோ சும்மா இருந்த ஈ.கோலை ஒன்று அதைக் கொடுத்திருக்க வேண்டும். அங்குள்ள மருத்துவர்களுக்கு மாத்திரையில் அசித்ரோமைசினும், ஊசியில் மெரோபெனெம் வகையும் மட்டுமே மிஞ்சின.

இரண்டு கிருமிகள் ஒட்டிக்கொண்டு பிளாஸ்மிட்டைக் கைமாற்றுவதை லெடர்பெர்க்கும் டேட்டமும் 1946-இல் கண்டறிந்த கலவியோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். எண்பதுகளில் பரவிய அந்தப் பெரிய டைபாய்டுப் பிளாஸ்மிட்டிடம் ஒரு விசித்திரப் பண்பு உண்டு. அது 37 டிகிரி உடற்சூட்டில் அவ்வளவாகக் கைமாறுவதில்லை. 30 டிகிரிக்குக் கீழேதான் நன்றாகக் கைமாறுகிறது. அந்தச் சூடு நோயாளியின் உடலில் இல்லை. வெளியே நீரிலும் கழிவிலும் இருக்கிறது.

ஆம்பூர் வாசகி:

ஐயா, இவ்வளவையும் படித்தபின் ஒன்று தோன்றுகிறது. குளோராம்பெனிகால் மறுபடி பலிக்கிறது என்றால், எல்லோருக்கும் அதையே கொடுத்து செஃப்ட்ரியாக்சோனைக் காப்பாற்றக் கூடாதா?

ஆய்வகத்தார்:

பலர் ஆசையோடு பேசும் யோசனைதான், அம்மா. எனக்கு இரண்டு தயக்கங்கள் உண்டு. அரிதாக, பல பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு, அந்த மருந்தால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகிறது. இரண்டாவது, எதிர்ப்பு குறைந்திருக்கிறதே தவிர அழிந்துவிடவில்லை. சிந்துவில் கண்டதுபோல் அந்த மரபணுக்கள் பிளாஸ்மிட்டை விட்டிறங்கிக் குரோமோசோமில் குடியேறிய கிளைகள் தெற்காசியாவில் இருக்கின்றன. அவற்றுக்கு அந்தப் பெரிய வளையத்தைச் சுமக்கும் செலவு இல்லை. மருந்தை மீண்டும் ஊரெங்கும் புழங்கவிட்டால் அவை வேகமாக முன்னுக்கு வரும். கல்ச்சரில் ‘எஸ்’ என்று வந்து, வேறு மருந்து ஒத்துக்கொள்ளாத நோயாளிக்கு மருத்துவர் தேர்ந்தெடுக்கும் மருந்தாக அது இருக்கட்டும் என்பது என் கருத்து.

குடிநீர்ப் பொறியாளர்:

மருந்தைப் பற்றி நான் பேசத் தகுதியற்றவன், குழாயைப் பற்றிச் சொல்கிறேன். நம் நகரங்களில் பல இடங்களில் குடிநீர்க் குழாய் கழிவுநீர்க் கால்வாயை ஒட்டியோ அதற்குள்ளேயோ போகிறது. தண்ணீர் ஓடும்போது உள்ளழுத்தம் இருப்பதால் கசிவு வெளிநோக்கி இருக்கும். நாளொன்றுக்குச் சில மணி நேரம் மட்டும் விட்டு மூடும்போது அழுத்தம் விழுந்து, விரிசல் வழியாகக் கழிவுநீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. அடுத்த நாள் திறந்ததும் முதலில் வரும் கலங்கல் அதுதான். ஹைதராபாத் பரவலிலும் கழிவுநீர் கலந்த குடிநீர்தான் சந்தேகிக்கப்பட்டது. 2017 முதல் 2020 வரை இந்தியாவில் நடந்த டைபாய்டுக் கண்காணிப்பில், ஆய்வு செய்த நகர்ப்புறங்களிலேயே வேலூரில்தான் குழந்தைகளிடம் நோய் மிகுதியாக இருந்தது. ஒரு லட்சம் குழந்தைகளை ஓராண்டு கண்காணித்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வரும் என்னும் அளவு. ஆம்பூர் அம்மாவுக்கு அது தூரத்து ஊர் அன்று.

எனக்கு ஒரு கேள்வி. இத்தனை மருந்துகளையும் தாங்கும் கிருமி, குளோரினையும் தாங்குமா? நாங்கள் போடும் அளவைக் கூட்ட வேண்டுமா?

ஆய்வகத்தார்:

வேண்டியதில்லை, ஐயா. மருந்தின் மேல் ஒரு தொகுதியை ஒட்டும் நொதியோ, ஜைரேஸில் மாறிய ஓர் அமினோ அமிலமோ குளோரினுக்கும் கொதிநீருக்கும் எதிராக எந்தப் பாதுகாப்பும் தராது. குழாயின் கடைசி வீட்டிலும் ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருந்தால், எல்லா மருந்துக்கும் அடங்கும் டைபாய்டும் எதற்கும் அடங்காத டைபாய்டும் ஒன்றுபோலவே சாகும். சுகாதார ஆய்வாளர் கையில் இருக்கும் குளோரோஸ்கோப்பில் ஆர்த்தோடாலிடின் சொட்டுகளை விட்டதும் நீர் மஞ்சளாகிறதா என்று தொட்டிக்கு அருகில் பார்ப்பதைவிட, தெருக்கோடிக் குழாயில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆம்பூர் அம்மாவுக்கு: இந்தியாவில் 2013 முதல் உரிமம் பெற்றுள்ள கூட்டிணைப்பு டைபாய்டு தடுப்பூசியைப் பற்றி, மகள் முழுதும் தேறிய பிறகு குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். ஒருமுறை டைபாய்டு வந்தவருக்கு மறுபடி வராது என்பதில்லை. சிந்துவில் பரவலின்போது போட்டதும், 2019 நவம்பரில் பாகிஸ்தான் அரசு வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்ததும் இவ்வகை ஊசியைத்தான். இங்கேயும் கிருமி எந்த மருந்தை எதிர்க்கிறது என்பதால் தடுப்பூசியின் வேலை மாறுவதில்லை. வீட்டில் மற்ற குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.